ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்: மாறிய பின் ஒரு மதிப்பீடு

2006-இல் அஞ்சல் துறையில் சேர்ந்து, இத்தனை ஆண்டுகளும், சேமிப்பு சந்தையில் முதலீடு செய்யப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸில் இருந்த நான், 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு நடைமுறைக்கு வந்த யு.பி.எஸ். என்னும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியிருக்கிறேன். மாறுவதற்கு முன் விதிகளைப் படித்துப் போட்டுப் பார்த்த கணக்குகள், இன்னும் முடிவெடுக்க வேண்டிய புதிய ஊழியர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

என் அப்பா பழைய ஓய்வூதியம் பெறுபவர். ஜனவரிக்கும் ஜூலைக்கும் அகவிலை நிவாரணம் அறிவிக்கப்பட்டால் அவருடைய பாஸ்புக்கில் தொகை ஏறும். அதைத் தாண்டி அவர் தம் பென்ஷனைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. நானோ, 2020 மார்ச்சில் பங்குச் சந்தை சரிந்தபோது தினமும் இரவில் கைபேசியில் என்.பி.எஸ். இருப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை ரூபாய் வரும் என்று வீட்டில் சொல்ல முடியாத நிலைதான் அந்தத் திட்டத்தில் எனக்கிருந்த பெரிய குறை.

அப்போதைய நிதித் துறைச் செயலர் டி.வி. சோமநாதன் தலைமையிலான குழுவின் ஆய்வுக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற யு.பி.எஸ். அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. 25 ஆண்டுகள் பணிபுரிந்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதியும், அதன்மேல் அகவிலை நிவாரணமும் உறுதி. சராசரி 60,000 ரூபாய் என்றால் ஓய்வூதியம் 30,000. 20 ஆண்டுகள்தான் பணி என்றால் 24,000. குறைந்தது 10 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றால் மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாது. பணிக்கொடை தனியாக உண்டு.

கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் மொத்தத் தொகை. என்.பி.எஸ்.ஸில் நம் கணக்கில் சேர்ந்த நிதியில் 60 சதவீதத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு, மீதி 40 சதவீதத்தில் ஆண்டளிப்பு, அதாவது காப்பீட்டு நிறுவனம் தவறாமல் தரும் ஓய்வூதியம், வாங்குகிறோம். யு.பி.எஸ்.ஸிலும் 60 சதவீதம் வரை எடுக்கலாம், ஆனால் எடுக்கும் விகிதத்துக்கு ஏற்ப ஓய்வூதியம் குறைந்துவிடும். 60 சதவீதத்தையும் எடுத்தால் மேலே சொன்ன 30,000 ரூபாய் 12,000 ஆகிவிடும். மதிய உணவு நேரத்தில் நான்கு பேர் சம்பளச் சீட்டுகளை மேசையில் பரப்பி இதைக் கணக்கிட்டபோது, மகளின் திருமணத்துக்கு அந்தத் தொகையை நம்பியிருந்த நண்பர் என்.பி.எஸ்.ஸிலேயே இருந்துவிட முடிவு செய்தார். அவருடைய நிலையில் அது சரியான முடிவு. 25 ஆண்டுகள் முடித்து விருப்ப ஓய்வில் போக நினைப்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல, ஏனெனில் இயல்பாக ஓய்வு பெற்றிருக்க வேண்டிய தேதியில்தான் ஓய்வூதியம் தொடங்கும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது இந்த உறுதிக்குப் பின்னால் இருக்கும் பணம். பழைய ஓய்வூதியத்துக்குத் தனி நிதி கிடையாது. அந்தந்த ஆண்டின் வரி வருவாயிலிருந்தே கொடுக்கப்பட்டது, இன்னும் கொடுக்கப்படுகிறது. 2024-25 மத்திய பட்ஜெட்டில் ஓய்வூதியங்களுக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 2.43 லட்சம் கோடி ரூபாய், அதில் பாதுகாப்புத் துறையின் பங்கு மட்டும் 1.41 லட்சம் கோடி. அந்தச் சுமை பெருகக் கூடாது என்றுதான் 2004-இல் என்.பி.எஸ். வந்தது. யு.பி.எஸ்.ஸில் சம்பளத்தில் ஊழியர் 10 சதவீதமும் அரசு 18.5 சதவீதமும் செலுத்துகின்றன. அரசின் பங்கில் 10 சதவீதம் நம் கணக்குக்கும், 8.5 சதவீதம் பொதுத் தொகுப்பு நிதிக்கும் போகும். நம் கணக்கில் உள்ளது போதாதபோது வாக்குறுதியைத் தாங்க வேண்டியது இந்தத் தொகுப்புதான். சந்தை நீண்ட காலம் சோர்ந்திருந்தால் 8.5 சதவீதம் போதுமா என்பதை ஊழியர்கள் அறிய வேண்டும். தொகுப்பின் சொத்தும் பொறுப்பும் எவ்வளவு என்ற கணக்கை ஆண்டுதோறும் எளிய மொழியில் வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. பற்றாக்குறையை இருபது ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடித்தால், அன்றைய பட்ஜெட்டும் அன்றைய முதியவர்களும் சேர்ந்தே அல்லாடுவார்கள்.

இத்தனையும் தெரிந்தே நான் மாறினேன். எனக்குப் பின் என் மனைவிக்கு ஓய்வூதியத்தில் 60 சதவீதம் அகவிலை நிவாரணத்தோடு வரும். அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு என் கணக்கில் சேர்ந்த நிதியிலிருந்து எதுவும் திரும்பாது. ஓய்வுக்கு ஓராண்டுக்கு முன்பு வரை ஒரே ஒரு முறை என்.பி.எஸ்.ஸுக்குத் திரும்பலாம் என்ற வசதி இருப்பதால், 2037-இல் இதே கணக்கை மறுபடியும் போட்டுப் பார்ப்பேன்.