தலைமையாசிரியரா, கேமராவா? தோட்டத்துப் பட்டணத்தில் தேர்வுக் கண்காணிப்பாளர் தேடுவது

வெளிநாட்டுத் தொலைக்கல்விப் படிப்பில் சேர்வது சுலபம். தேர்வு நெருங்கும்போதுதான் வம்பு. கண்காணிப்பாளரை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள் என்று ஒரு படிவம் வரும். உறவினர் கூடாது, நண்பர் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் கூடாது என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இவர்களைக் கழித்தால் மிஞ்சுவது யார்? நான் முதலில் எழுதிய பெயர் தோட்டத்துக் கிராணியார், அதாவது தோட்ட அலுவலக எழுத்தர். அம்மாவிடம் சொன்னேன், அவர் எனக்கு மாமா முறையாம். அந்தப் பெயரை அடித்துவிட்டேன்.

அடுத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். இப்போதும் என் ஓட்டு அவருக்குத்தான். ஆசிரியர், நூலகர், கல்வி அதிகாரி என்றால் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் ஆளைப் பார்ப்பதற்கு முன் மின்னஞ்சல் முகவரியைப் பார்ப்பார்கள். ஜிமெயில் முகவரி போட்டு அனுப்பினேன், படிவம் திரும்பி வந்துவிட்டது. பள்ளியின் அலுவலக முகவரிதான் வேண்டுமாம். நம் வாத்தியார்களோ எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே முடிப்பவர்கள். அதற்கே ஒரு வாரம் அலைந்தேன்.

வினாத்தாள் என் கண்ணில் படாமல் நேராக அவருக்கே போனது. தேர்வன்று என் அடையாள அட்டையான மைகார்டை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆண்டுதோறும் திருவிழாவில் என்னோடு பந்தியில் உட்காருகிற மனிதர்! சிரிப்பை அடக்கிக்கொண்டேன். முடிந்ததும் விடைத்தாளை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்திட்டுப் பள்ளி முத்திரையும் குத்தினார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. இதில் குறை என்றால் பள்ளி விடுமுறைதான். தேர்வுத் தேதி அதில் விழுந்தால் அவர் ஊரிலேயே இருக்க மாட்டார். இன்னொன்றும் உண்டு: அவருக்கு மாற்றல் வந்தால் அனுமதியும் அவரோடு போய்விடும். எனக்கு அதுதான் நடந்தது.

அதனால் இரண்டாம் தாளை வீட்டிலேயே, இணையம் வழியாகக் கண்காணிக்கும் கேமரா முன்னால் எழுதினேன். ஆள் தேட வேண்டாம், பேருந்துக் காசு இல்லை, நேரமும் நம் வசதிப்படி. ஊர் அடங்கியிருக்கும் என்று நான் காலை 5 மணியைப் பிடித்தேன். தோட்டத்தில் வளர்ந்தவன் செய்யக்கூடாத தப்பு அது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்புகிற வீடுகளில் அப்போதுதான் விளக்கு எரியும். எங்களுடையது பழைய லயத்து வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியது, நடுச்சுவர் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டு வானொலியில் பக்திப் பாட்டு ஆரம்பித்ததும் திரையில் கேள்வி வந்தது: அறையில் வேறு யார்? மடிக்கணினியைத் தூக்கி நான்கு மூலை, மேசைக்கு அடியில், கதவுக்குப் பின்னால் எல்லாம் மறுபடி காட்டினேன். கடிகாரம் மட்டும் நிற்கவில்லை. சொந்த வீட்டில் திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இணையம் நன்றாக இருக்கிறதே என்று சமூக இணைய மையத்துக்குப் போகலாமா என்றால், அங்கே ஆள் வந்துபோய்க்கொண்டே இருக்கும். கேமராவுக்கோ தனியறை வேண்டும்.

தலைமையாசிரியர் இல்லையென்றால் நூலகரைக் கேட்கலாம், அவர் மேல் எனக்குக் குறையில்லை. தனியறை உண்டா, தேர்வு முடியும் வரை கூடவே இருப்பாரா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். இங்கே சரிவராவிட்டால் ஈப்போவில் துன் ராசாக் நூலகம் இருக்கிறது, கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

கோலாலம்பூர் பிரிட்டிஷ் கவுன்சில் மாதிரி மையங்களில் இங்கிலாந்துத் தேர்வுகள் நடக்கின்றன. உங்கள் படிப்பு அப்படி ஒரு மையத்தைச் சொல்லியிருந்தால் யோசிக்காமல் போய்விடுங்கள். ரயில் நம் ஊரிலேயே நிற்கிறது. கட்டணம், ஓர் இரவு தங்கல் என்று பணம் கரையும், ஆனால் வானொலித் தொல்லை இல்லை. ஒரு சிறு தாளுக்கு அவ்வளவு செலவு எனக்குக் கட்டுப்படியாகாது.

மூன்றாம் தாளுக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியரிடம் போயிருக்கிறேன். உடனே சரி என்றுவிட்டார். நல்லவேளை, வேறு ஊர்க்காரர், எந்த முறையும் இல்லை. படிவம் அவர் மேசையில் இருக்கிறது. அலுவலக மின்னஞ்சலின் கடவுச்சொல் யாரிடம் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.