ஓ.சி.எல். சில வருடங்களுக்குப் பிறகு: தாய் வகுப்பின் கணக்கைப் பிள்ளை வகுப்பு மாற்றும்போது

மட்டக்களப்பில் சிறிய அளவில் மென்பொருள் செய்து கொடுப்பவன் நான். உழவு மெஷின், வெட்டு மெஷின் வாடகைக்கு விடுபவர்களின் கணக்கு மென்பொருள்தான் சில வருடங்களாக எனக்கு முக்கிய வேலை. கோட் எழுதுவதற்கு முன் யு.எம்.எல்.லில் (மென்பொருளின் அமைப்பைப் படமாக வரையும் மொழி) மாதிரி வரைந்து, விதிகளை ஓ.சி.எல்.லில் (அந்த மாதிரிக்கான விதிகளை எழுதும் மொழி) எழுதிச் சரிபார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வயது பூச்சியத்தை விடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது போன்ற பாடப்புத்தக விதிகளை எவரும் எழுதிவிடலாம். மரபுரிமை, அதாவது ஒரு வகுப்பின் (ஒரே வகைப் பொருள்களுக்கான வார்ப்பு) பண்புகளையும் செயல்களையும் இன்னொரு வகுப்பு பெறுவது, உள்ளே வந்த பிறகுதான் இந்த மொழியின் குணம் தெரியும். எனவே அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மொழி பழையது. 1995 அளவில் ஐ.பி.எம்.மில் உருவாகி, 1997இல் யு.எம்.எல். 1.1உடன் தரநிலைக்குள் வந்தது. நான் கையில் வைத்திருப்பது 2014இல் வெளியான 2.4 பதிப்பின் ஆவணம். கருவி என்று பார்த்தால், ஜெர்மனியின் பிரேமன் பல்கலைக்கழகத்தில் உருவான யூஸ். இலவசம், ஜாவா இருந்தால் போதும், பழைய மடிகணினியிலும் ஓடும், இணையம் வேண்டாம். எக்லிப்ஸ் ஓ.சி.எல்.லையும் பயன்படுத்தியிருக்கிறேன், வசதி கூட, ஆனால் என் மடிகணினிக்குக் கொஞ்சம் பாரம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'இயந்திரம்' தாய் வகுப்பு, அதிலிருந்து பெறுபவை பிள்ளை வகுப்புகள். அதில் 'கட்டணம்' என்றொரு செயல், ஏக்கரைக் கொடுத்தால் தொகை வரும். முன்நிபந்தனை, அதாவது செயலை அழைக்கும் முன் சரியாக இருக்க வேண்டியது: ஏக்கர் பூச்சியத்தை விடக் கூட இருக்க வேண்டும். பின்நிபந்தனை, அதாவது செயல் முடிந்ததும் சரியாக இருக்க வேண்டியது: தொகை, ஏக்கரை ஏக்கர் விலையால் பெருக்கி வருவதற்குக் குறையக் கூடாது. உழவு மெஷின் என்ற பிள்ளை வகுப்பில் எதையும் எழுதத் தேவையில்லை, தாயின் செயல் அப்படியே வரும். வெட்டு மெஷினில்தான் வில்லங்கம். நெல் சாய்ந்து கிடந்தால் விலை கூடும். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் மாரி வெள்ளாமை அறுவடையின்போது வயல் காயாமல் இருந்தால் சக்கரத்துக்குப் பதிலாகச் செயினில் ஓடும் செயின் மெஷின்தான் இறங்கும், அதற்கு வேறு விலை. போதாக்குறைக்கு மெஷின்காரர் ஒருவர் சொன்னார்: "ஒரு ஏக்கருக்குக் குறைஞ்சா மெஷின இறக்க மாட்டம் தம்பி."

இதை அப்படியே பிள்ளை வகுப்பின் முன்நிபந்தனையாக எழுதத்தான் எவருக்கும் கை போகும்: ஏக்கர் ஒன்றுக்குக் குறையக் கூடாது. ஆனால் தாய் வகுப்பு 'பூச்சியத்துக்கு மேல் எதுவும் சரி' என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. அதை நம்பி அழைப்பவர் முக்கால் ஏக்கரோடு வருவார், அவர் முன்னால் நிற்பது வெட்டு மெஷின் என்று அவருக்குத் தெரியாது. கணினி அறிஞர்கள் பார்பரா லிஸ்கோவும் ஜெனெட் விங்கும் 1994இல் வகுத்துச் சொன்னது இதைத்தான்: பிள்ளை முன்நிபந்தனையைத் தளர்த்தலாம், இறுக்கக் கூடாது, பின்நிபந்தனையை இறுக்கலாம், தளர்த்தக் கூடாது. பேர்ட்ராண்ட் மேயர் உருவாக்கிய ஐஃபல் என்ற நிரல் மொழியில் இந்த ஒழுங்கு இலக்கணத்திலேயே இருக்கிறது: பிள்ளையின் முன்நிபந்தனை 'அல்லது' என்றும், பின்நிபந்தனை 'மற்றும்' என்றும் தாயினதோடு சேரும். ஓ.சி.எல்.லில் எழுதும்போது அந்தக் காவலை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

மெஷின்காரரிடமே திரும்பக் கேட்டேன். "ஒரு ஏக்கர் காசு தந்தா அரை ஏக்கரும் வெட்டுவம், அதுக்கென்ன" என்றார். அப்படியென்றால் அது நிபந்தனையே இல்லை, கணக்கு. பிள்ளை வகுப்பின் கட்டணத்தில் ஏக்கரையும் ஒன்றையும் ஒப்பிட்டுப் பெரியதை எடுத்தால் போதும். தாயின் இரண்டு நிபந்தனையும் தப்பாமல் நிற்கும். ஓ.சி.எல். எனக்குச் செய்த பெரிய உபகாரம் இந்த மாதிரிக் கேள்விகளைக் கோட் எழுதும் முன்பே கேட்க வைப்பதுதான். சொந்தக்காரருக்குக் குறைத்துப் போடுவதும் இப்படித்தான் பின்நிபந்தனையில் போய் முட்டியது. அந்தக் கழிவைப் பில் என்ற தனி வகுப்புக்குத் தள்ளிவிட்டேன்.

அடுத்த சிக்கல், பிள்ளைக்குத் தாயின் கணக்கும் வேண்டும், அதன் மேல் கொஞ்சம் கூட்டவும் வேண்டும் என்ற நிலை. ஜாவாவில் 'சுப்பர்' என்ற சொல்லால் தாயின் செயலையே அழைத்துவிட்டுப் போகலாம். ஓ.சி.எல்.லில் அந்தச் சொல் கிடையாது. வகையை மாற்றும் 'ஓசிஎல் ஆஸ் டைப்' மூலம் தாயின் பண்பை எட்டலாம் என்கிறது தரநிலை. ஆனால் ஒப்ஜெக்டின், அதாவது வகுப்பிலிருந்து உருவான தனிப் பொருளின், உண்மையான வகுப்பைப் பார்த்துச் செயலைத் தேர்ந்தெடுக்கும் கருவியில் அந்த அழைப்பு மறுபடியும் பிள்ளையிடமே வந்து சேரும், பிறகு முடிவில்லாமல் சுற்றும். எனவே தாயின் கணக்கை 'அடிப்படைக் கட்டணம்' என்ற தனிச் செயலாகப் பிரித்துவிடுகிறேன். அதை எந்தப் பிள்ளையும் மாற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். 'கட்டணம்' மட்டும் மாறலாம். உள்ளே அது அடிப்படைக் கட்டணத்தை அழைத்து, சாய்ந்த நெல்லுக்கானதைக் கூட்டிக்கொள்ளும். பார்க்க அழகில்லைதான். ஆனால் எந்தக் கருவிக்குப் போனாலும் ஒரே விடை வரும்.

இன்வேரியன்ட், அதாவது எப்போதும் சரியாக இருக்க வேண்டிய விதி, என்ற விஷயத்தில் இந்தத் தலையிடி இல்லை. தாய் வகுப்பில் எழுதினால் பிள்ளைகளின் ஒப்ஜெக்டுகளும் அதற்குள் அடங்கும். ஒரு வகுப்பின் எல்லா ஒப்ஜெக்டுகளையும் 'ஓல் இன்ஸ்டன்சஸ்' என்று கேட்டாலும் பிள்ளைகள் சேர்ந்தே வரும். கவனிக்க வேண்டியது வகையைச் சோதிக்கும் இடத்தில். 'ஓசிஎல் இஸ் டைப் ஒஃப்' சரியாக அந்த வகுப்பை மட்டும் ஏற்கும், 'ஓசிஎல் இஸ் கைண்ட் ஒஃப்' அதன் பிள்ளைகளையும் ஏற்கும். வெட்டு மெஷினின் கீழ் செயின் மெஷினைத் தனி வகுப்பாகச் சேர்த்தால், முதலாவதை நம்பி எழுதிய விதிகள் எல்லாம் செயின் மெஷினைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எழுதுகிறேன்.

யூஸில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு விதி உடைந்தால் அதன் ஒவ்வொரு உள்துண்டும் உண்மையா பொய்யா என்று மரமாக விரித்துக் காட்டுவது. பிடிக்காதது அதன் பிழைச்செய்திகள். அடைப்புக்குறி ஒன்று விடுபட்டாலும் காரணம் வேறெங்கோ இருப்பது போல் பேசும்.

புதுக் கருவி எது கிடைத்தாலும் முதலில் ஒரு சின்ன மாதிரி எழுதிப் பார்க்கிறேன்: தாயில் ஒரு முன்நிபந்தனை, பிள்ளையில் அதே செயல் மாற்றி எழுதப்பட்டது, தாயின் நிபந்தனையை மீறும் ஓர் எண். கருவி சத்தம் போடுகிறதா, பேசாமல் விட்டுவிடுகிறதா என்று பார்த்த பிறகுதான் உண்மையான மாதிரியை அதில் ஏற்றுவது. கோட் பக்கம் இந்த நிபந்தனைகளை இன்னும் கையால்தான் சோதனைகளாக மாற்றி எழுதுகிறேன். அந்த வேலை குறைய ஒரு வழி கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.