தாம்வே சயாமா வீட்டு மாலை டியூஷன்: ஒரு வருடம் அனுப்பிய அனுபவம்

பர்மாவின் யாங்கூன் நகரில், தாம்வே பகுதியில் சின்னப் பிள்ளைக்கு டியூஷன் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். அரசுப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற சயாமா (பர்மியத்தில் ஆசிரியை) ஒருவர் தன் வீட்டின் கீழறையில் பாய் விரித்து நடத்துகிறார். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. என் மகன் இரண்டாம் வகுப்பு.

நான் காலையில் தெருவோரம் தோசைக்கடை போடுகிறவள். பள்ளியில் என் மகன் பர்மியப் பெயரில்தான் இருக்கிறான். ஆனாலும் வாயைத் திறந்தால் நம் உச்சரிப்பு தெரிந்துவிடும். பர்மியத்தில் காற்றை ஊதிச் சொல்லவேண்டிய ‘க’வான ‘ககுவே’ என்ற எழுத்தை, ஊதாமல் சொல்லும் ‘ககீ’ மாதிரியே சொன்னான் என்று வகுப்பே சிரித்தது. ‘கலா’ என்று, இந்திய வம்சாவளியினரை இழிவாகச் சொல்லும் வார்த்தையை ஒரு பையன் கத்தினான். பள்ளிச் சயாமாவும் சேர்ந்து சிரித்தாராம். அன்றிலிருந்து அவன் பள்ளியில் பேசுவதை விட்டுவிட்டான். கேட்கப் போன என்னை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார்கள்.

டியூஷனில் முதல் நாள் இந்தச் சயாமா கேட்ட முதல் கேள்வி, “வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?” அவன் வீட்டுப் பெயர் ‘ர்’ என்று முடியும். பர்மிய நாக்குக்கு அந்த ‘ர்’ லேசில் வராது. அவர் விடவில்லை. நாலைந்து தடவை தப்பாகச் சொல்லி, “நீ திருத்து” என்று அவனையே கேட்டார். பெரிய மனுஷியைத் திருத்த அவனுக்கு முதலில் பயம். பிறகு நாக்கை எங்கே வைக்கவேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினான். அது முடிந்த பிறகுதான் செய்தித்தாளில் ஒரு கீற்றுக் கிழித்து அவன் உதட்டுக்கு முன்னால் பிடித்தார். ககுவேக்குத் தாள் படபடக்க வேண்டும், ககீக்கு அசையக் கூடாது. “உங்கள் மொழியில் ஒரே எழுத்து எல்லா வேலையும் பார்க்கிறது, எங்களுக்கு ஆளுக்கொரு எழுத்து, அவ்வளவுதான்” என்றார். ஒரே வாரத்தில் தாள் ஆடியது.

பாடப்புத்தகம் மோசமில்லை. 2016இல் மழலையர் வகுப்பில் தொடங்கி, 2017இல் ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவின் துணையோடு தயாரான முதல் வகுப்புப் புத்தகங்கள் வரை எல்லாமே மாறின. படங்கள், செய்து பார்க்கும் பாடங்கள், யோசித்துப் பதில் சொல்லும் கேள்விகள். நாங்கள் கோரஸாகக் கத்தி மனப்பாடம் செய்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கேட்டால் சிரிப்பார்கள் என்று பயந்த பிள்ளை கேள்வி கேட்குமா? எத்தனை கோடி செலவழித்து அச்சடித்தாலும் அந்தப் பக்கம் அவனுக்கு மூடித்தான் கிடக்கும்.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. பள்ளிச் சயாமாவைப் பற்றி நான் கொட்டித் தீர்த்தபோது, டியூஷன் சயாமா ஒரு வார்த்தை கூடச் சேர்த்துப் பேசவில்லை. “அவர் பெயர் தெரியுமா உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை. ஒரு வருடமாக என் பிள்ளையை அவரிடம் விட்டிருக்கிறேன், பெயர் தெரியாது! இந்த நாட்டில் புத்தர், தர்மம், சங்கத்தோடு பெற்றோரையும் ஆசிரியரையும் ஒரே வரிசையில் வைத்து வணங்குகிறார்கள். தடிஞ்சுட் என்ற விளக்குத் திருவிழாச் சமயத்தில் பிள்ளைகள் ஆசிரியர் முன்னால் மண்டியிட்டுக் கும்பிடுவதும் அதனால்தான். நம்மிலும் மாதா பிதா குரு என்கிறோம். அந்தக் கும்பிடு அவர்மேல் உள்ள மதிப்பால் வருகிறதா, பயத்தாலா என்று இப்போது யோசிக்கிறேன். தடிஞ்சுட்டுக்கு மகனோடு நானும் பள்ளிச் சயாமாவிடம் போய் அவர் பெயரைக் கேட்டு, அவன் வீட்டுப் பெயரையும் சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு அவனை முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். ‘கலா’ இன்னும் முழுதாக நிற்கவில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். கரண்ட் போனால் சார்ஜ் விளக்கு ஒன்றுதான், பின்னால் உட்காரும் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. பெரிய மழைக்கு வாசலில் தண்ணீர் நின்றுவிடும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் எடுப்பதில்லை. பணம் நாலு நாள் தாமதமானால் பிள்ளை காதுபடக் கேட்கமாட்டார். கொடுக்கும்போது, பிள்ளைகள் பெரியவர்களிடம் செய்வது போல, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி வாங்கிக்கொள்வார்.

சேர்க்க நினைப்பவர்கள் ஐந்து மணிக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெற்றோர் மட்டும் போனால் பேசமாட்டார். அழைப்பு மணி கிடையாது, கேட்டில் நின்று “சயாமா” என்று கூப்பிடவேண்டும்.