ஏற்காட்டு டெலஸ்கோப்பா, அம்மாபேட்டை லேப்டாப்பா?

தூரத்து விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடும் ஆசை வந்தால் சேலத்துக்காரருக்கு இரண்டு வழி உண்டு. டெலஸ்கோப்பை வண்டியில் ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு போகலாம். இல்லை, 2018-ல் நாசா ஏவிய டெஸ் விண்கலம் எடுத்த தரவு எல்லோருக்கும் இலவசம். அதை வீட்டிலேயே லேப்டாப்பில் அலசலாம். இரண்டு வருடம் மலை ஏறினேன். இப்போது அம்மாபேட்டை வீட்டு மேசைதான். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

செலவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 8 அங்குல டெலஸ்கோப், மோட்டார் மவுன்ட், கேமரா என்று அங்கே பணம் லட்சக்கணக்கில் போகும். இங்கே லைட்கர்வ் என்ற இலவச நிரலும் கரண்ட் பில்லும் போதும்.

இரண்டிலும் தேடுவது ஒன்றையேதான். கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது (இதற்குப் பெயர் கடப்பு) வெளிச்சம் துளி குறையும். 1 சதவீதம் குறைந்தால் கோளின் விட்டம் விண்மீனுடையதில் பத்தில் ஒரு பங்கு. எத்தனை நாளுக்கு ஒருமுறை குறைகிறது என்பதிலிருந்து கெப்ளர் விதிப்படி விண்மீனிலிருந்து கோள் இருக்கும் தூரம் வந்துவிடும்.

சிக்கல் வானத்தில். எங்களைப் போன்றவர்களுக்கு லட்டு மாதிரியான விண்மீன் எச்டி 189733. அதன் ஒளி 2 சதவீதத்துக்கு மேல் குறையும். ஆனால் அது நன்றாகத் தெரியும் ஜூலை முதல் அக்டோபர் வரை ஏற்காட்டில் மழையும் மூடுபனியும். காப்பித் தோட்டத்து ஓரம் தார்ப்பாய்க்கடியில் டெலஸ்கோப்பை மூடிவைத்து விடியும்வரை உட்கார்ந்த இரவுகள் ஏராளம். லென்ஸில் பூஞ்சை பிடித்ததுதான் மிச்சம். ஜனவரியில்தான் வாஸ்ப்-12 என்ற விண்மீன் கைகொடுத்தது. மூன்று மணி நேரக் கடப்பு முழுசாகப் பதிவானது. அந்த மகிழ்ச்சியை லேப்டாப் ஒருநாளும் தந்ததில்லை, உண்மை.

ஆனால் ஒரு கோள் போதாது, குடும்பத்தையே பார்க்க வேண்டும் என்றால் ஒரே ஒரு விஷயம்தான் முடிவு செய்கிறது: கண் இமைக்காமல் பார்ப்பது. டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனின் கதையைப் பாருங்கள். 2016-ல் தரையிலிருந்து பார்த்து மூன்று கோள்கள் என்றார்கள். மூன்றாவது என்று எண்ணியது உண்மையில் பல கோள்களின் கடப்புகள் கலந்த குழப்பம். ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி ஏறக்குறைய 20 நாள் விடாமல் பார்த்த பிறகே, 2017-ல், ஏழு என்று தெளிந்தது. வல்லுநர்களுக்கே அப்படி என்றால், பகலையும் மேகத்தையும் கழித்துவிட்டு மாதத்தில் நாலு இரவு பார்க்கும் நாம் எம்மாத்திரம்?

டெஸ் கேமராவின் வாய் 10 சென்டிமீட்டர்தான், எங்கள் டெலஸ்கோப்பில் பாதி. ஆனால் அது காற்றுக்கு மேலே நின்று, நடுவில் தரவு அனுப்பும் சிறு இடைவெளி போக, ஒரே திசையை 27 நாள் பார்க்கிறது. முதல் கோளின் பள்ளங்களை, அதாவது ஒளி குறைந்த இடங்களை, கண்டுபிடித்து நீக்கிவிட்டு, மிச்சத்தில் மறுபடி தேடுவேன். இரண்டாவது அங்கேதான் ஒளிந்திருக்கும். கே2-138 என்ற விண்மீனின் கோள்கள் அப்படிப்பட்ட ஒரு குடும்பம். கெப்ளர் விண்கலத்தின் தரவில் தன்னார்வலர்கள் கண்ணில் பட்டு, 2018-ல் ஐந்து கோள்களோடு அறிவிக்கப்பட்டது. சுற்றுக்காலங்கள் 2.35, 3.56, 5.40, 8.26, 12.76 நாள், ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தறி அச்சில் அளந்து பூட்டிய மாதிரி.

குறையும் உண்டு. டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி வானத்தில் 21 வில்நொடி (வானத்தை அளக்கும் கோண அளவு) அகலம். அதற்குள் பக்கத்து விண்மீனும் சேர்ந்துவிடும். நான் துள்ளிக் குதித்த ஒரு பள்ளம், பக்கத்தில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனுடையது. அப்புறம் எடை: கடப்பு தருவது பருமனை மட்டும்தான். கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் கடப்பு நேரம் முன்பின் ஆவதை வைத்து எடை கணக்கிடலாம். நான் ஒரே ஒருமுறை முயன்றேன், விடை எனக்கே நம்பிக்கையாக இல்லை. அதில் என் பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்னோடு மலை ஏறிய அண்ணன் இன்னும் டெலஸ்கோப்பை விடவில்லை.

"ஏன் தம்பி, கம்ப்யூட்டர்ல பார்க்கிறதெல்லாம் பார்க்கிறதா?" என்று போனில் கேட்டார்.

"இல்லைங்கண்ணா, ஆனா மேகம் வராதுங்க" என்றேன்.

சந்தேகப் பள்ளம் எந்த விண்மீனுடையது என்று பிரித்துச் சொல்ல அவருடைய டெலஸ்கோப்தான் வேண்டும். வர ஜனவரிக்கு மூன்று இரவுகளைக் குறித்து அனுப்பியிருக்கிறேன்.