"சுடாத பீஸ் சார், லைசென்ஸ் வேண்டாம்": பழைய ரிவால்வர் வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

பழைய கடிகாரம், பித்தளை விளக்கு, ரயில்வே லாந்தர் என்று தேடித்தேடிச் சேர்க்கிறவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறோம். இந்த வட்டத்துக்குள் ஒருவர் இப்போது கருமருந்து (அந்தக் காலத்து வெடிமருந்துத் தூள்) போட்டுச் சுடும் ரிவால்வர் ஒன்றைச் சுற்றில் விட்டிருக்கிறார். என்னிடம் 15,000 ரூபாய் முன்பணம் வாங்கினார், திருப்பித் தர மறுக்கிறார். அடுத்த ஆள் நீங்களாக இருக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துச் சொத்தாம். 1851 மாடல் கோல்ட் நேவியாம், அதாவது அமெரிக்கக் கோல்ட் கம்பெனி செய்த ரிவால்வர். சிப்பாய்க் கலகத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இடுப்பில் தொங்கியதாம். விலை 85,000. ஹேமர் (அடிக்கும் சுத்தியல்) இழுத்தால் நிற்காது, ஒரு நிப்பிள் (பொறி தரும் தொப்பியை மாட்டும் முனை) முறிந்திருக்கிறது, உடம்பெல்லாம் துரு. "அதனாலதான் சார் இந்த ரேட்டு. கண்டிஷன்ல இருந்தா லட்சக்கணக்குல போகும். சுடாத பீஸ், லைசென்ஸும் வேண்டாம்." பார்த்துப் பிடிக்காவிட்டால் முன்பணம் முழுதும் ரிட்டர்ன் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினார்.

ஒரே பழுதை அவர் இரண்டு முறை விற்கிறார், கவனியுங்கள். பழுதானதால் அது பழசு, பழுதானதால் சட்டச் சிக்கலும் கிடையாது. இரண்டுமே பொய்.

துப்பாக்கிக் கடையில் வருஷக்கணக்காக ரிப்பேர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாய் ஒருவரைக் கூட்டிக்கொண்டு புரசைவாக்கத்தில் அவர் வரச்சொன்ன வீட்டுக்குப் போனேன். பாய் அதைக் கையில் வாங்கவே இல்லை. மேஜை மேல் வைக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். பிரேம், அதாவது நடுச்சட்டம், பித்தளை. மேலே பழுப்பாக எதையோ பூசி மறைத்திருந்தார்கள். அசல் கோல்ட் நேவிக்குப் பிரேம் எஃகுதான். பித்தளை வருவதெல்லாம் ட்ரிக்கர் கார்டிலும் கைப்பிடிப் பட்டையிலும். அடுத்து பேரல் (குழல்) வாயில் வெர்னியர் அளவுகோலை வைத்தார். 11 மில்லிமீட்டரைத் தாண்டியது, அதாவது .44 அங்குலம். கோல்ட் கம்பெனி அந்த மாடலை .36-ல் மட்டுமே செய்தது.

"கழட்டிக் காட்டுங்க" என்றார். இந்த ரகத்தில் பக்கவாட்டில் இருக்கும் ஆப்பைத் தட்டினால் பேரல் தனியாக வந்துவிடும். பேரல், பிரேம், ட்ரிக்கர் கார்டு மூன்றிலும் ஒரே எண் இருந்திருக்க வேண்டும். எங்கேயும் எண்ணே இல்லை. அடிப்பக்கம் அரம் போட்டுத் தேய்த்த இடத்தில் ஒரு நட்சத்திரமும், அதன் கீழ் 'பிஎன்' எழுத்துகளும் பாதி மிச்சம். கருமருந்துத் துப்பாக்கிகளுக்கு இத்தாலியச் சோதனைச் சாலை குத்துகிற முத்திரை அது. 1950களின் கடைசியிலிருந்து அங்கே இந்த மாடலை நகலெடுத்துச் செய்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது துரு விஷயம்தான். கருமருந்து சுட்ட கரி ஈரத்தை இழுக்கும். சுத்தம் செய்யாமல் போட்டால் முதலில் அரிப்பது சிலிண்டர் துளைகளையும் பேரலின் உட்புறத்தையும். இதில் வெளியே நூற்றாண்டுத் துரு, உள்ளே கண்ணாடி. ஆசிட் வைத்தியம்.

பாய் என் தோளைத் தட்டினார். "தம்பி, நிப்பிள் ஒண்ணு மாத்தி, ஹேமரைச் சரி பண்ணா இது சுடும். வாங்க, கிளம்பலாம்."

அவர் பதறியதற்குக் காரணம் இருக்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழங்காலத்து, பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்றால்தான் அந்த விலக்கு. முறிந்த நிப்பிள் அந்தக் கணக்கில் சேராது. கருமருந்து என்பதும் சாக்கு ஆகாது. மலைக்கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிக்கே லைசென்ஸ் கேட்டு வழக்குப் போடுகிற ஊர் இது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. லைசென்ஸ் உள்ளவர் தன் துப்பாக்கியை இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்பதானாலும் காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்து 45 நாள் கழிய வேண்டும். சரி, நூறு வருஷத்துப் பழம்பொருள் என்றே வைத்துக்கொள்வோம். அதை வியாபாரம் செய்ய 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். இவரிடம் கேட்டேன். சிரித்தார்.

முன்பணத்தைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. "போலீஸுக்குப் போங்க சார். துப்பாக்கி வாங்க அட்வான்ஸ் குடுத்தேன்னு உங்க கையாலேயே எழுதிக் குடுங்க, பார்ப்போம்." இவருடைய வியாபாரமே இந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கிறது. வாங்க வருகிறவன் புகார் கொடுக்கப் பயப்படுவான் என்ற தைரியம். இதே ஆளிடம் பணத்தை விட்ட இன்னும் இரண்டு பேர் பிறகு என்னிடம் பேசினார்கள். இருவரும் வாயே திறக்கவில்லையாம்.

நான் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு, வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் வைத்து நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன். துப்பாக்கியை நான் வாங்கவில்லை, அதனால் பயமும் இல்லை. சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்கியதற்குக் காவல் நிலையம் தருவது) கையில் இருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. நீங்களும் அவரிடம் பணம் கொடுத்திருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்ந்து போகலாம்.

ஆள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். புதிதாகச் சுற்றும் படத்தில் அதே பித்தளை பிரேம், அதே முறிந்த நிப்பிள், விலை 1,20,000. இந்த முறை அது 'கட்டபொம்மன் காலத்து ரிவால்வர்'. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-ல். கோல்ட் ரிவால்வருக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1836-ல்.