பாஸ்போர்ட் ஒரு குதிரைக்கு, லாயத்தில் நிற்பது வேறு குதிரை

டாக்டர் ஸ்கேனரைக் குதிரையின் கழுத்தில் இடப்பக்கமாக, பிடரிக்குக் கொஞ்சம் கீழே வைத்து மெதுவாக நகர்த்தினார். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை 'பீப்' என்றது. சின்னத் திரையில், கழுத்துக்குள் இருக்கும் அடையாளச் சிப்பின் எண், 15 இலக்கங்கள். அவர் வாசிக்க வாசிக்க நான் குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது இலக்கத்தில் விரல் நின்றுவிட்டது. "இன்னொரு தடவை வாசிங்க டாக்டர்" என்றேன். வாசித்தார். மறுபடியும் அதே இடத்தில்தான் பிரிந்தது.

அப்போது அந்தக் குதிரை 70 நாள் சினை.

அதை எனக்கு விற்ற தரகரின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. ஆனால் அவர் பேசுகிற விதத்தை அப்படியே எழுதுகிறேன். அவரிடம் பேசியவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நான் ஷோ ஜம்பிங் என்கிற தடை தாண்டும் போட்டிக்குக் குதிரைகளைப் பழக்குகிறவன். அடுத்தவர் குதிரைகளையே பழக்கிக்கொண்டிருக்கிறோமே, நமக்கென்று ஒரு குட்டி எடுத்து வளர்க்கலாமே என்று ஆசை வந்தது. திட்டம் பெரிய திட்டமெல்லாம் இல்லை. பந்தய இனமான தரோபிரெட்டில் நல்ல பெட்டை ஒன்று, அதற்கு, சவாரிப் போட்டிகளுக்கென்று வளர்க்கும் வார்ம்பிளட் இனத்தில் அங்கீகாரம் பெற்ற பொலிகுதிரையின் உறைவிந்து, பிறக்கும் குட்டிக்கு வார்ம்பிளட் பதிவேட்டில் ஓர் இடம். (தரோபிரெட் பதிவேடு நேரடி இணைசேர்ப்பில் பிறந்த குட்டியை மட்டும்தான் ஏற்கும். ஊசி போட்டுப் பிறந்தால், அப்பா அம்மா இரண்டுமே தரோபிரெட் என்றாலும் இடம் கிடையாது. வார்ம்பிளட்காரர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.)

பந்தயக் குதிரையின் ரத்தம் தாண்டுகிற குதிரைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இன்று பெரிய போட்டிகளில் தாண்டும் வார்ம்பிளட்டுகளின் வம்சாவளியைப் பின்னால் புரட்டிக்கொண்டே போனால், எங்கேயாவது ஒரு தரோபிரெட் தாத்தா நிற்பார். பெயருக்குப் பின்னால் எக்ஸ்எக்ஸ் என்று போட்டிருப்பார்கள், அதுதான் அடையாளம். ஜெர்மனியின் ஹோல்ஸ்டைனில் வண்டியும் ஏரும் இழுத்த கனத்த குதிரைகளைச் சவாரிக்கு ஏற்றபடி மெலிதாக்க, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தரோபிரெட் பொலிகுதிரைகளை இறக்கினார்கள். 1961-இல் பிறந்த லேடிகில்லர் அவற்றில் ஒன்று. லாண்ட்கிராஃப், லார்ட் இரண்டும் அதன் பிள்ளைகள். பிரான்சில் ஃபியூரியோசோ என்ற தரோபிரெட்டின் மகன் லுத்தூர் பி, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வாங்கியது. ரான்ட்சாவ் என்ற தரோபிரெட்டுக்குப் பிறந்த கோர் டி லா பிரியேர், பிரான்சிலிருந்து ஹோல்ஸ்டைனுக்குப் போய் அங்கே ஒரு பரம்பரையையே கிளப்பிவிட்டது. இவ்வளவு ஏன், டச் ஆஃப் கிளாஸ் கலப்பே இல்லாத தரோபிரெட் பெட்டை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு தங்கம். அங்கே தாண்டிய 91 தடைகளில் ஒன்றை மட்டும்தான் தட்டியது.

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. தரகருக்கும் அத்துப்படி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் போனிலேயே லேடிகில்லர், ரான்ட்சாவ் என்று மளமளவென்று அடுக்கினார். குதிரை விற்கிற முக்கால்வாசிப் பேர் உயரத்தையும் நிறத்தையும் தாண்டி ஒன்றும் பேச மாட்டார்கள். இவர் என் பாஷையைப் பேசினார். நம்மவர் என்று நினைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே ஐந்து தலைமுறை வம்சாவளி அட்டவணையை அனுப்பினார். சில பெயர்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"சார், கிராண்ட் பிரீ லெவல்ல தாண்டின குதிரைக்கு இது ஹாஃப் சிஸ்டர்." கிராண்ட் பிரீ என்றால் தாண்டலில் உச்சமட்டப் போட்டி. கேட்டவுடன் சிலிர்த்துப்போனேன். அப்புறம் பார்த்தால் இரண்டுக்கும் அப்பாதான் ஒன்று. தரோபிரெட் உலகத்தில் தாய் ஒன்றாக இருந்தால்தான் ஹாஃப் பிரதர், ஹாஃப் சிஸ்டர் என்று சொல்வார்கள். அப்பா ஒன்று என்பதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பெயர்பெற்ற பொலிகுதிரைக்கு ஒரே வருடத்தில் நூற்றுக்கு மேல் குட்டி பிறக்கும்போது, அத்தனையையும் உறவென்று சொன்னால் ஊரே சொந்தக்காரர்கள்தான். பெட்டை ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு குட்டி என்பதால், தாய்வழி உறவுக்குத்தான் மதிப்பு.

"நார்தர்ன் டான்சர் ரெண்டு பக்கமும் வருது சார்." புகழ்பெற்ற பந்தயப் பொலிகுதிரை அது. வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இன்றைய தரோபிரெட்டுகளில் அந்தப் பெயர் இல்லாத அட்டவணையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் ஐந்தாம் தலைமுறையில் தாண்டலுக்குப் பேர்போன குதிரை ஒன்றுக்கு வட்டம். ஐந்தாம் தலைமுறை என்றால் 32 பேர். ஒருவரின் பங்கு சராசரியாக நூற்றுக்கு மூன்று. அந்த மூன்றுக்காக மீதி தொண்ணூற்றேழையும் நான் பார்க்காமல் விட்டேன்.

கடைசியாக வந்த வாய்ஸ் மெசேஜை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "ஜெம் ட்விஸ்ட் ரத்தம் சார் இது." 1988 சியோலில் இரண்டு வெள்ளி வாங்கிய அதே ஜெம் ட்விஸ்ட். அது காயடித்த குதிரை! அதற்குக் குட்டியே கிடையாது. அதனால்தான் பிற்பாடு குளோனிங் செய்தார்கள். குளோனுக்குப் பிறக்கும் குட்டியும் தரோபிரெட் பதிவேட்டுக்குள் வர முடியாது. ஆக, ஜெம் ட்விஸ்டின் வாரிசாக ஒரு தரோபிரெட் இருக்கவே வழியில்லை. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும், "குடும்பத்தைச் சொல்கிறார் போல" என்று நானே அவருக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டேன். ஆசை வந்துவிட்டால் விற்கிறவனுக்குப் பாதி வேலையை நாமே செய்து கொடுத்துவிடுகிறோம்.

வீடியோ மூன்று வந்தது. மூன்றிலும் இடக்கைப் பக்கமாகச் சுற்றும் கேன்டர், அதாவது மிதவேக ஓட்டம், மட்டும். வலக்கைப் பக்கம் ஓடவிட்டு அனுப்பச் சொன்னேன். ஆள் இல்லை என்றார். சவாரி இல்லாமல் தானாகத் தாண்டவிட்டுக் காட்டச் சொன்னேன். தரை ஈரம் என்றார். முழங்காலுக்குக் கீழே எலும்புச் சுற்றளவு கேட்டேன், "21 சென்டிமீட்டர் சார், டேப் வச்சுப் பார்த்தேன்" என்றார். பந்தயத்தில் ஓடாத குதிரை என்பதையும் பெருமையாகத்தான் சொன்னார்: "குட்டி போடுறதுக்குன்னே பொத்திப் பொத்தி வச்சது." பந்தயத்தில் ஓடியிருந்தால் ஓட்டக் கணக்கு இருக்கும், காலின் உறுதி தெரியும். அதைவிட முக்கியம், அங்கே யாராவது சிப்பை வாசித்து இது இன்ன குதிரைதான் என்று பார்த்திருப்பார்கள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பாஸ்போர்ட்டைக் கேட்டபோது, பெயர் மாற்றத்துக்குப் போயிருக்கிறது, பின்னாலேயே வரும் என்றார். பகல் நீளும் மாதங்களில்தான் பெட்டைகள் ஒழுங்காகச் சினைப்பருவத்துக்கு வரும். அந்தக் காலம் முடியப்போகிறது, தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அதைச் சொல்லியே அவசரப்படுத்தினார். பணம் முழுவதையும் கொடுத்தேன். எவ்வளவு என்று இங்கே எழுதக் கை வரவில்லை.

வண்டியிலிருந்து இறங்கியது சாதுவான குதிரை. அடர்ந்த கபில நிறம், பெரிய கண்கள், அறிமுகமில்லாத ஆள் கிட்டே போனாலும் காதை மடக்காத குணம். டேப் வைத்துப் பார்த்தேன்: பதினெட்டரை சென்டிமீட்டர். போன் செய்தேன். "உங்க டேப்பும் எங்க டேப்பும் வேற சார்" என்றார். சிரித்துவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

உறைவிந்து வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். திரவ நைட்ரஜன் கலனில், சுழியத்துக்குக் கீழே 196 டிகிரியில் கிடக்கும், விந்து அடைத்த எட்டுக் குச்சிகள். ஒவ்வொன்றின் மேலும் பொலிகுதிரையின் பெயர் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். உருக்கிய பிறகு அதன் ஆயுள் குறைவு என்பதால், சினைமுட்டை வெளிவரும் நேரத்தைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும். ராத்திரியும் பகலுமாக ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் வந்து ஸ்கேன் பார்த்தார். விடியற்காலை மூன்று மணிக்கு, 37 டிகிரி வெந்நீரில் குச்சிகளை முப்பது விநாடி வைத்து எடுத்தோம். பதினைந்தாம் நாள் ஸ்கேனில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம். முதல் தடவையிலேயே சினை பிடித்துவிட்டது! அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

பெட்டையை வார்ம்பிளட் பதிவேட்டில் ஏற்றுக்கொள்ளும் பரிசோதனைக்கு விண்ணப்பித்தபோதுதான் பாஸ்போர்ட் தேவைப்பட்டது. நச்சரித்து நச்சரித்து வாங்கினேன். உறையைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது படம். குதிரையின் கோட்டோவியத்தில் வெள்ளைத் திட்டுகளையும், சுழி இருக்கும் இடங்களில் சின்னப் பெருக்கல் குறிகளையும் போட்டிருப்பார்கள். படத்தில் நெற்றி நடுவில் ஒரே சுழி. என் குதிரைக்கு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. ராசிக்குச் சுழி பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் அடையாளத்துக்குப் பார்க்கவும் மறந்துபோயிருந்தேன். சுழி வளர வளர மாறுவதில்லை. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் முதலில் எழுதியது.

"சிப் இடம் மாறியிருக்கும் சார்" என்றார் தரகர். இடம் மாறும், சரி. நம்பருமா மாறும்? "அப்ப பண்ணையில தப்பா எழுதியிருப்பாங்க" என்றார். பிடரிமயிரை வேரோடு பிடுங்கி டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினேன். பாஸ்போர்ட்டில் இருக்கும் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை என்று பதில் வந்தது. பதிவேட்டுக்கு எழுதிக் கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது: அந்தப் பாஸ்போர்ட்டுக்கு உரிய பெட்டை இரண்டு வருடத்துக்கு முன்பே செத்துப்போனதாகப் பதிவாகியிருக்கிறது. வட்டம் போட்ட அட்டவணை உண்மையானதுதான். அது ஒரு செத்த குதிரையின் வம்சாவளி. என்னிடம் இருக்கும் சிப் எண்ணுக்கு நாங்கள் தேடிய எந்தத் தரவிலும் பெயர் இல்லை.

அதற்கப்புறம் தரகர் போனை எடுக்கவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரே பக்கம். "கபில நிறப் பெட்டைக் குதிரை ஒன்று, பார்த்த நிலையில்" என்றுதான் இருக்கிறது. பெயர் இல்லை, சிப் எண் இல்லை, வம்சாவளி பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெம் ட்விஸ்ட் எல்லாம் வாய்ஸ் மெசேஜில்தான். வக்கீல் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "குதிரைக்காரர்தானே நீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருந்தது மட்டும் புத்திசாலித்தனம் என்றார். இப்போது புகார் அவற்றின் பலத்தில்தான் நிற்கிறது.

தாய் யாரென்றே தெரியாததால் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. வார்ம்பிளட்டுகளிடம் தோல் கிழிந்து, மூட்டு தளர்ந்துபோய்க் குட்டி பிழைக்காத ஒரு பரம்பரை நோய் உண்டு, டபிள்யூஎஃப்எஃப்எஸ் என்பார்கள். தரோபிரெட்டுகளிலும் அதன் மரபணு இருக்கிறது. அப்பா அம்மா இருவரிடமும் அது இருந்தால் நாலில் ஒரு குட்டிக்கு வரும். விந்து எடுத்த பொலிகுதிரைக்குச் சோதனைச் சான்று இருந்ததா என்று நடுராத்திரியில் எழுந்து தேடினேன். சான்று இருந்தது, அந்த மரபணு இல்லை என்று. பெட்டைக்கும் அதே பிடரிமயிரில் சோதித்தோம். அதற்கும் இல்லை. அந்த ஆறு வாரத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

343-ஆம் நாள் ராத்திரி குட்டி ஈன்றது. பெட்டைக் குட்டி, நீண்ட கால்கள், ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து பால் குடித்தது. அப்பா இன்னார் என்று டிஎன்ஏ சொல்கிறது. அம்மா இருக்க வேண்டிய கட்டம் காலி. நான் கேட்ட பதிவேட்டில் முதன்மைப் பிரிவில் இடமில்லை, அடையாளச் சீட்டு மட்டும் தருகிறோம் என்றார்கள். போட்டிக்கு அது போதும். அதை வைத்து ஒரு பரம்பரை தொடங்கலாம் என்று நினைத்தேனே, அது நடக்காது. குட்டியின் மேல் கோபம் வருமா? வராது. தாயின் மேலும் வரவில்லை. அதற்கு நான் பெயர்கூட வைக்கவில்லை. பாஸ்போர்ட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் ஒரு நண்பர் விற்பனை விளம்பரம் ஒன்றை அனுப்பி, "இது எப்படி?" என்று கேட்டார். ஐந்து தலைமுறை அட்டவணை, அதில் சிவப்பு வட்டங்கள். 'கிராண்ட் பிரீ குதிரைக்கு ஹாஃப் சிஸ்டர்.' வீடியோவில் வேறொரு பெட்டை, இடக்கைப் பக்கமாகக் கேன்டர். அட்டவணையில் அப்பா பெயர் மட்டும் மாறியிருக்கிறது. நண்பரிடம் வேறொன்றும் சொல்லவில்லை. ஸ்கேனரைக் கழுத்தில் வைத்து, எண் திரையில் தெரியும்போதே பாஸ்போர்ட்டின் பக்கத்தையும் சேர்த்துக் காட்டும்படி ஒரே வீடியோவாக, நடுவில் வெட்டாமல் கேளுங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். மூன்று நாளாகிறது. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறதாம், பதில் வரவில்லையாம்.