மலைக்கு ஒரு சின்ன வண்டி: ஐ20 என் லைன், இரண்டு வருஷத்துக்கு அப்புறம்

வார இறுதியானால் காடு, மலை என்று கிளம்புகிறவன் எஸ்யூவிதான் வாங்க வேண்டும் என்று யார் விதி போட்டார்களோ தெரியவில்லை. ஹூண்டாய் ஐ20 காரின் ஸ்போர்ட்டி வடிவமான ஐ20 என் லைனின் புதுப்பித்த மாடல் 2023 செப்டம்பரில் வந்தது. அதுவரை ஐஎம்டி, டிசிடி என்று கிளட்ச் பெடல் இல்லாத கியர்பாக்ஸ்கள் மட்டும்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புது மாடலில் ஆறு கியர் மேனுவல் வரவும் அதில் என்8 என்ற வேரியன்டை எடுத்துவிட்டேன். வீட்டில், ஆபீசில், பெட்ரோல் பங்கில்கூட ஒரே கேள்வி: "இந்தக் காசுக்கு எஸ்யூவியே வந்திருக்குமே?"

வந்திருக்கும். ஆனால் எனக்கு ஊர் சேலம். ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை எல்லாமே காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் தூரம். இங்கெல்லாம் சேற்றிலும் பாறையிலும் வண்டியை ஏற்றி இறக்கும் வேலை அனேகமாகக் கிடையாது. மேலே போகும்வரை தார் ரோடு இருக்கிறது. தார் முடிகிற இடத்தில் எஸ்யூவிக்காரரும் இறங்கி நடக்கத்தான் வேண்டும். கொல்லிமலையில் ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேல் படி, அங்கே எந்த ஃபோர் வீல் டிரைவும் உதவாது. ஆக, வண்டிக்கு வேலை மலைப்பாதையில்தான். அந்த வேலைக்கு இந்தச் சின்ன வண்டி தாராளமாகப் போதும். சொல்லப்போனால் நன்றாகவே செய்கிறது. அதற்கான விலையை டயரிலும் பிரேக்கிலும் நம் முதுகிலும் கொடுக்க வேண்டியிருக்கும், அதையும் சொல்கிறேன்.

முதலில் ஏற்றம். ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி அடிவாரம் போனால் அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி). 120 பிஎஸ் பவர் என்று காகிதத்தில் இருப்பது நாற்கர சாலைக்கான எண். மலையில் பார்க்க வேண்டியது இன்னொன்று: 172 என்எம் டார்க், அதாவது இழுவிசை, 1,500 ஆர்பிஎம்மிலிருந்து 4,000 வரை கிடைக்கும் என்கிறார்கள். அந்த 1,500க்குக் கீழே என்ன கிடைக்கும் என்பதைக் கொல்லிமலை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழைகிறோம், வண்டி மெதுவாகிறது, முள் 1,300க்கு இறங்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. அப்புறம் டர்போ விழித்துக்கொண்டு, ஸ்டீயரிங் முழுசாகத் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து மொத்தமாக இழுக்கும். முன்சக்கரம் மண்ணில் இருந்தால் அங்கேயே சுற்றும். அதனால் நெருக்கமான வளைவு என்றால் திரும்புவதற்கு முன்பே முதல் கியருக்குப் போய்விடுவதுதான் சரி. இந்த ஒரு விஷயத்தில் டர்போ இல்லாத சாதாரண 1.2 லிட்டர் வண்டிகளே சுலபம், சந்தேகமில்லை.

வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே உள்ள நேர் பாதை வேறு கதை. இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஏறிவிடும். சாதாரண ஐ20ஐவிட சஸ்பென்ஷனை இறுக்கி, ஸ்டீயரிங்குக்கும் கனம் கூட்டியிருக்கிறார்கள். திருப்பினால் வண்டி சாயாமல் அப்படியே வரும். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். நீளம் நான்கு மீட்டருக்குள், அகலம் 1,775 மில்லிமீட்டர். எதிரே அரசுப் பேருந்து வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது அந்த அகலத்தின் அருமை தெரியும். ஹாரன் சத்தம் கேட்டதும் ஒதுங்கி நிற்க ஒரு சின்ன இடம் கிடைத்தால் போதும். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சட்டம். ஆனால் அதைப் பேருந்து ஓட்டுநரிடம் சொல்லிப் பயனில்லை, அவருக்குத் திரும்ப வேறு வழியும் கிடையாது.

இறக்கத்தில் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் இன்ஜின் சின்னது, எனவே ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கிங்கும் கொஞ்சம்தான். பெரிய டீசல் வண்டியில் இரண்டாவது கியரே பிடித்து வைத்துக்கொள்ளும் சரிவில் இதற்கு முதல் கியர் தேவைப்படலாம். சிலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறார்கள். உண்மையில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் அதை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட எரிபொருள் வேண்டும். மிச்சமும் இல்லை, பிரேக்கும் சூடேறுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும். மாதம் ஒரு மலை இறங்குகிறவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவது நல்லது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்தால் அந்தக் கணக்கும் வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

சரி, முதுகு. முன்சீட்டில் உட்கார்ந்தால் தார் ரோட்டில் குறை சொல்ல முடியாது. பின்சீட்டில் அம்மா உட்கார்ந்து ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் வரை ஒருமுறை வந்தார். "பஸ்ஸே தேவலைடா" என்றார். ஒட்டுப்போட்ட ரோடு ஒவ்வொன்றும் உள்ளே தெரியும். குறைந்த வேகத்தில்தான் அதிகம் தெரியும், எண்பதுக்கு மேல் போனால் அதே ரோட்டில் அமைதியாகிவிடும். வயதானவர்கள் வழக்கமாக வருவார்கள் என்றால் சாதாரண ஐ20ஐயே பாருங்கள். சன்ரூஃபைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, நம் வெயிலில் திறந்த நாட்கள் குறைவு.

இனி டயர். எனக்கு நிஜமாகச் செலவு வைத்தது இதுதான். கம்பெனி கொடுப்பது 195/55 ஆர்16. அகலம் 195 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், கணக்குப் போட்டால் 107 மில்லிமீட்டர். ரோட்டோரம் இறங்கி ஒதுங்கும்போது தார் விளிம்பும் கூரான ஜல்லியும் அந்தப் பக்கச் சுவரைத்தான் பதம் பார்க்கும். ஜவ்வாது மலையில் இரண்டு பேருந்து எதிரெதிரே வர, ஒதுங்கிய இடத்தில் ஒரு கல் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர் விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "சைடு போயிடுச்சுங்க, ஒட்ட முடியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். ரோட்டில் படும் டிரெட் பகுதியில் ஆணி ஏறினால் பிளக் போடலாம், பக்கச் சுவருக்கு வைத்தியம் கிடையாது. அடுத்த செட் வாங்கும்போது 205/55 ஆர்16க்கு மாறினேன். ரிம் அதேதான். பக்கச் சுவர் ஆறு மில்லிமீட்டர் போல உயரும், மொத்த விட்டம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கூடுகிறது. ஸ்டீயரிங்கின் துடிப்பு ஒரு துளி மந்தமானது, பதிலுக்குக் குழியில் விழும்போது வந்த 'டங்' சத்தம் பாதியானது. காற்றை மலைக்குப் போகிறோம் என்று குறைக்க வேண்டாம். ஆட்களும் சாமானும் ஏறினால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு லோடுக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதை வையுங்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுவதும் அவசியம், மலையில் முன் டயரின் ஓரங்கள்தான் முதலில் தேயும்.

வண்டியின் அடிப்பாகம் பற்றிப் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மில்லிமீட்டர், நான்கு பேர் ஏறினால் அதில் கொஞ்சம் போகும். பெயின்ட் அடிக்காத கிராமத்து வேகத்தடைகள்தான் எதிரி. சாய்வாக ஏற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இன்ஜினுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கவசத்தின் கிளிப்புகள் அவ்வப்போது கழன்று தொங்கும். டவுனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிளிப் சல்லிசு, ஒரு கைப்பிடி வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்ஜின் பராமரிப்பில் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். இது டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின், அதாவது பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. பழைய முறையில் பெட்ரோல், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் மேல் பட்டுப் போகும், வால்வு தானாகவே கழுவப்படும். இதில் அந்தக் கழுவல் இல்லை, அதனால் நாளாக நாளாக வால்வில் கரி படியலாம். இதைச் சொல்லித்தான் ஒரு சர்வீஸ் சென்டரில் முதல் வருஷமே டாங்கில் ஊற்றும் 'கார்பன் கிளீனர்' ஒன்றைப் பில்லில் சேர்க்கப் பார்த்தார்கள். பெட்ரோலே படாத வால்வை, பெட்ரோலில் கலந்த மருந்து எப்படிச் சுத்தம் செய்யும் என்று கேட்டதும் அந்த வரி பில்லிலிருந்து போய்விட்டது. அது இன்ஜெக்டருக்கு உதவலாம், வால்வுக்கு உதவாது. நாம் செய்யக்கூடியது, கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றுவதும், தினமும் இரண்டு கிலோமீட்டர் கடைக்குப் போய்வருவதோடு வண்டியை முடக்காமல் இருப்பதும்தான். மலையேறி நின்றதும் உடனே இன்ஜினை அணைக்காமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள், சூடான டர்போவுக்கு ஆயில் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

மைலேஜ் ஊருக்குள் பதினொன்று, பன்னிரண்டு. நாற்கர சாலையில் தொண்ணூறைத் தாண்டாமல் போனால் பதினாறு, பதினேழு. மலையில் ஒன்பது வந்தால் சந்தோஷப்படுங்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு போலக் குறைவு, எனவே மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கத்தான் செய்யும். டாங்க் 37 லிட்டர்தான், அடிவாரத்திலேயே நிரப்பிவிடுவது நிம்மதி.

டிக்கி 311 லிட்டர். இரண்டு பேருக்கான டென்ட், ஸ்டவ், தண்ணீர் கேன், 12 வோல்ட் காற்றடிக்கும் மெஷின், தார்ப்பாய் எல்லாம் அடங்கும். மூன்றாவது ஆளின் மூட்டை பின்சீட்டுக்குப் போகும். டென்ட் என்றதும் ஒன்று: காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், கூடாரம் போடுவதைச் சொல்லவே வேண்டாம். தனியார் எஸ்டேட்டில் கேட்டுக்கொண்டு போடுவதுதான் வழி. நடக்க ஆசைப்பட்டால் வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' இருக்கிறது. 40 பாதைகள், ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அழைத்துப் போகிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம், 2024 மே 7 முதல் அது கட்டாயம்.

யாரும் ரிவ்யூவில் சொல்லாத இரண்டு தொல்லைகள் குரங்கும் எலியும். ஏற்காட்டில் வண்டியை விட்டுப் போனால் குரங்குகளுக்கு வைப்பர் ரப்பர் பிடிக்கும். உள்ளே பிஸ்கட் பாக்கெட் வெளியே தெரியும்படி வைத்தால் கண்ணாடி ஓர ரப்பரையும் இழுத்துப் பார்க்கும். எலி இரவு வேலை. எஸ்டேட்டில் நிறுத்தினால் இன்ஜின் சூட்டுக்குப் பானெட்டுக்குள் வந்து ஒயரைக் கடிக்கும். எஸ்டேட் காவலாளி சொன்னபடி புகையிலையைத் துணியில் முடிந்து பேட்டரி பக்கத்தில், சூடு படாத இடத்தில், கட்டி வைக்கிறேன். வாசனை போனதும் மாற்ற வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டைத் திறந்து காய்ந்த இலை, எலிப் புழுக்கை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.